நான்கு கதவு டிரயம்ஃப் என்று ஒரு கார் கிடையாது

படத்துக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். புதுப்பித்த பழைய காருக்கு யாரும் எழுதுவதில்லை. "சூப்பர் சார், அப்படியே ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். ஆனால் புதுப்பிப்பதும் ஒரு வாசிப்புதான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது, எந்தப் பெயரை ஒட்டுவது என்று ஒருத்தர் நூறு இடத்தில் முடிவு எடுத்திருக்கிறார். அதில் சில முடிவுகள் தப்பாக இருக்கலாம். தப்பு என்று சொல்லவும் செய்யலாம்.

நான் சொல்லப்போவது, சென்னையில் ஒரு பழைய கார் அணிவகுப்பில் பார்த்த ஹெரால்டைப் பற்றி. 1970 மாடல், நான்கு கதவு, இளநீலமும் வெள்ளையுமாக இரட்டை வண்ணம். உரிமையாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை, சண்டை அவரோடு இல்லை. நல்ல மனிதர், மூன்று வருஷம் உழைத்திருக்கிறார்.

முதலில் வேலைத்தரம். ஹெரால்டின் பானட் மற்ற கார்களின் பானட் மாதிரி இல்லை. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே துண்டு. முதலை வாயைத் திறக்கிற மாதிரி மொத்தமாக முன்பக்கம் சாயும். மெக்கானிக்குக் கொண்டாட்டம், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். டிங்கருக்கு அதே பானட் தலைவலி. ஒரு பெரிய துண்டைக் கீல் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் கதவுக் கோட்டோடு சேர்த்து நிறுத்த வேண்டும். நான் பார்த்த ஹெரால்டுகளில் பாதிக்கு ஒரு பக்கம் விரல் போகும், மறு பக்கம் நகம் போகாது. இந்த வண்டியில் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. பட்டி அப்பி மறைத்ததாகவும் தெரியவில்லை. தட்டிப் பார்த்தேன், தகரச் சத்தம்தான் வந்தது. இன்ஜின் அதே 948 சி.சி., புகை இல்லை, ஐட்லிங்கில் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. ஒயரிங் முழுக்கப் புதுசு, ஆனால் பழைய நிற முறையிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த டிங்கருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு கும்பிடு.

இனிமேல்தான் பிரச்சினை. பானட் மூக்கில் பளபளவென்று குரோம் எழுத்துகளில் டிரயம்ஃப் என்று இருக்கிறது. வண்டிக்கு முன்னால் வைத்திருந்த அட்டையில் 'டிரயம்ஃப் ஹெரால்டு, 1970, இங்கிலாந்து.' ஏன் சார் இப்படி என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார்? ஸ்டாண்டர்டுன்னு போட்டா இப்ப யாருக்கும் தெரியறதில்ல. டிரயம்ஃப்னா பைக் கம்பெனியாவது ஞாபகத்துக்கு வரும்" என்றார். (அந்த பைக் கம்பெனி 1936-லேயே கார் கம்பெனியிலிருந்து பிரிந்துபோனது, அது வேறு கதை.)

ரெண்டும் ஒண்ணு இல்லை. அட்டையில் எழுதியிருந்த கார் உலகத்திலேயே கிடையாது. பிரிட்டனில் டிரயம்ஃப் ஹெரால்டு 1959-ல் வந்து 1971 வரை ஓடியது. சலூன், கூப்பே, மேல்கூரை திறக்கிற கன்வெர்ட்டிபிள், எஸ்டேட், கூரியர் என்கிற வேன் என்று பல உருவங்கள் எடுத்தது. நான்கு கதவு சலூன் அந்த வரிசையில் ஒருநாளும் இல்லை. 948 சி.சி. இன்ஜினும் அங்கே 1960-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. 1970-ல் அங்கே வாங்கியிருந்தால் 1147 அல்லது 1296 சி.சி.தான் கிடைத்திருக்கும். நான்கு கதவும் 948-ம் சேர்ந்த 1970 ஹெரால்டு ஒரே ஒரு இடத்தில்தான் தயாரானது. ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில். அந்த அணிவகுப்புத் திடலிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

இது வெறும் ஸ்டிக்கர் விஷயமாகத் தெரியலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் நாற்பது வருஷ வரலாறு இருக்கிறது, அதனால் கொஞ்சம் பின்னால் போகலாம்.

ஸ்டாண்டர்ட் என்பது பிரிட்டனின் காவென்ட்ரி நகரத்துக் கம்பெனி, 1903-ல் தொடங்கியது. நொடித்துக் கிடந்த டிரயம்ஃபை இரண்டாம் உலகப் போர் முடிகிற தறுவாயில் விலைக்கு வாங்கியது. ஆக ஸ்டாண்டர்ட் முதலாளி, டிரயம்ஃப் அவர் வாங்கிய கடை. 1948-ல் சென்னையின் யூனியன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள், வேன்கார்டு காரோடு வேலை தொடங்கியது. தொடக்கத்தில் எல்லோரும் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். முழுக் காரையும் பிரித்துப் பெட்டிகளில் கப்பலில் கொண்டுவருவது, இங்கே பெட்டியை உடைத்து முடுக்கிச் சேர்ப்பது. சி.கே.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இங்கே நடப்பது ஸ்பேனர் வேலையும் பெயின்ட் வேலையும்தான், சூத்திரமெல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும்.

இதை அப்படியே நீடிக்க விட அரசாங்கம் தயாராக இல்லை. சுங்கவரி ஆணையம் 1953-ல் ஒரு கோடு கிழித்தது. உதிரிபாகங்களைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டம் இருப்பவர்கள் இருக்கலாம், வெறுமனே பெட்டி பிரிப்பவர்கள் கிளம்பலாம். பல வருஷமாக இங்கே கார் பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டினார்கள். கார் தயாரிப்பில் மிஞ்சிய பெரிய பெயர்கள் மூன்று. கல்கத்தாப் பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம்ம ஊரில் ஸ்டாண்டர்ட். மூன்றில் சின்னது இதுதான். எட்டு, பத்து, பெனன்ட் என்று சின்னக் கார்களாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1961-ல் ஹெரால்டு வந்தது.

ஹெரால்டு ஏன் ஹெரால்டாக இருந்தது என்பதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் இருக்கிறது. 1950-களில் உலகம் முழுக்க கார்கள் தனி சேஸிஸை விட்டுவிட்டு, பாடியே பாரம் தாங்கும் கட்டுமானத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டும் மாறியிருந்தது. அதற்கான பாடிகளை ஃபிஷர் அண்ட் லட்லோ என்கிற கம்பெனி செய்துகொடுத்தது. 1953-ல் அந்தக் கம்பெனியை, எதிராளியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. இனிமேல் உங்களுக்குப் பாடி கிடையாது என்று கைவிரித்தது. ஸ்டாண்டர்டிடம் முழுப் பாடியை அடிக்கிற பிரஸ் வசதி இல்லை. என்ன செய்வார்கள்? ஹாரி வெப்ஸ்டரின் பொறியியல் குழு பழைய வழிக்கே திரும்பியது. தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு நிறுத்துகிற துண்டு துண்டான பாடி. துண்டு சின்னதாக இருந்தால் சின்னப் பட்டறைகளிலேயே அடிக்கலாம் இல்லையா? இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி அதற்கு ஒரு அழகான சட்டை தைத்துக் கொடுத்தார். கூரையைக் கழற்றினால் கன்வெர்ட்டிபிள், வேறு கூரை வைத்தால் கூப்பே. 25 அடி வட்டத்தில் முழுசாகத் திரும்பும், ஆட்டோக்காரர் பொறாமைப்படுகிற அளவு.

காவென்ட்ரிக்கு இது கையாலாகாத்தனத்தில் பிறந்த தீர்வு. பெருங்களத்தூருக்கு அதுவே வரமாக அமைந்தது. பாரத்தைச் சேஸிஸ் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டை வெறும் மூடிதான், அதன் தலையில் பாரம் கிடையாது. அதனால் பக்கவாட்டை வெட்டி, நடுவில் தூண் நிறுத்தி, இன்னும் இரண்டு கதவு வைக்கலாம். பாடியே பாரம் தாங்குகிற காரில் இதைச் செய்யப் போனால் முழு டையையும் புதிதாகச் செதுக்க வேண்டும், கோடிக் கணக்கில் செலவு. ஹெரால்டில், நம்ம சின்னக் கம்பெனியால் முடிகிற வேலை அது. 1960-களின் பிற்பகுதியில் மார்க் 3 என்று நான்கு கதவோடு செய்தே விட்டார்கள். கம்பேனியன் என்று ஒரு எஸ்டேட்டும் செய்தார்கள், பக்கத்துக்கு இரண்டு கதவோடு. பிரிட்டிஷ் எஸ்டேட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான்.

ஏன் செய்தார்கள் என்பதைப் பெரிதாக ஆராய வேண்டியதில்லை. இரண்டு கதவுக் காரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, உடம்பைச் சாய்த்து, காலை நீட்டி நுழைய வேண்டும். அங்கே இளம் தம்பதிக்கு அது குடும்பக் கார். இங்கே குடும்பம் என்றால் பட்டுப்புடவை கட்டிய பாட்டி, இடுப்பில் குழந்தையோடு சித்தி, கையில் சீர்த்தட்டு. பின்சீட்டுக்கு என்று தனியாக ஒரு கதவு வேண்டும். அந்த இரண்டு கதவுகளும் ஒரு ஊரின் வாழ்க்கை முறைக்கு ஒரு தொழிற்சாலை சொன்ன பதில்.

இப்போது அந்த அணிவகுப்பு வண்டியைத் திரும்பப் பாருங்கள். அந்தக் காரில் இருக்கிறதிலேயே அபூர்வமான பாகம் பின்கதவு. அதன் மேல்தான் 'இங்கிலாந்து' என்று எழுதிவைத்திருக்கிறார். மென்பொருள்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு ஃபோர்க்கை எடுத்து, அதில் நம்ம ஆட்கள் போட்ட கமிட்டையெல்லாம் அழித்துவிட்டு, மூலத்தின் பெயரிலேயே ரிலீஸ் பண்ணுகிற வேலை. கோடு அப்படியே இருக்கிறது, எழுதினவன் பெயர்தான் காணோம்.

பெயரிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் 'தரமானது' என்ற கம்பீரம் இருந்தது. போகப்போக 'டீலக்ஸ் இல்லாதது' என்கிற அர்த்தம் வந்து சேர்ந்தது. அதனாலேயே ஹெரால்டை அங்கே டிரயம்ஃப் பெயரில் விற்றார்கள். 1963-ல் ஸ்டாண்டர்ட் என்கிற பெயரையே காரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம்ம ஊர்த் தொழிற்சாலைதான் அந்தப் பெயரை அதற்கப்புறமும் கால் நூற்றாண்டு, 1988 வரை, தூக்கிக்கொண்டு நடந்தது. ஆகவே ஹெரால்டில் டிரயம்ஃப் என்ற எழுத்து காவென்ட்ரியின் அடையாளம். ஸ்டாண்டர்ட் என்ற எழுத்து, அதுவும் ஆங்கிலச் சொல்தான் என்றாலும், 1963-க்குப் பிறகு முழுக்க சென்னையின் அடையாளம். அதைப் பிடுங்கி இதை ஒட்டுவதில் என்ன போகிறது என்று கேட்டால், இதுதான் போகிறது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. உரிமையாளர் சொன்னதில் மறுக்க முடியாத ஒன்று, உதிரிபாகம். ஜி.பி. ரோட்டில் ஒரு காலத்தில் கேட்டதெல்லாம் கிடைத்தது. இப்போது புதுப்பேட்டையில் குனிந்து தேடினாலும் ஹெரால்டு சாமான் அரிது. பிரிட்டனில் அந்தக் காருக்கு ரசிகர் சங்கங்கள் உண்டு, புஷ், ரப்பர் பீடிங், பிரேக் சிலிண்டர் எல்லாம் புதுசாகச் செய்து விற்கிறார்கள். அங்கிருந்து வரவழைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. பிரேக் ரப்பருக்கு தேசபக்தி தேவையில்லை. ஆனால் பார்சலைப் பிரிக்கும்போது குரோம் எழுத்தும் கூடவே வந்துவிடுகிறது, அந்த ஊர்ப் புத்தகத்தைப் பார்த்து மர டேஷ்போர்டும் வந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, சென்னை வண்டியில் எங்கெல்லாம் பிரிட்டிஷ் வண்டியிலிருந்து வித்தியாசம் இருக்கிறதோ அங்கெல்லாம் 'சரிசெய்து' விடுகிறார்கள். வித்தியாசத்தைப் பிழை என்று வாசிக்கிற பழக்கம் இது. நான் விமர்சிப்பது இந்தப் பழக்கத்தை.

உரிமையாளரின் போனில் பழைய படங்கள் இருந்தன. வேலை ஆரம்பிக்கும் முன் எடுத்தவை. பின்பக்கத்துக் குறுக்கு ஸ்பிரிங்கில் யாரோ கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தது அதில் தெரிந்தது. இதற்குக் காரணம் உண்டு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில் முறை. நடுவில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிலையாக நிற்கும், இரண்டு பக்க ஆக்ஸிலும் பறவைச் சிறகு மாதிரி மேலும் கீழும் போகும், இரண்டுக்கும் மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். காலியாகப் போகும்போது சொகுசு. வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கத்துச் சக்கரம் மடங்கப் பார்க்கும், ஓட்டுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆறு பேரை ஏற்றி டிக்கியில் மூட்டையும் வைத்தால் பின்பக்கம் அமுங்கி, சக்கரங்கள் அடியில் அகண்டு, காலை அகட்டி நிற்கிற மாதிரி ஆகும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். நம்ம ரோட்டுக்கும் நம்ம சுமைக்கும் ஒத்துவராத அமைப்பு, வாங்கினவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. தொழிற்சாலை இதைக் காதில் போட்டுக்கொண்டது. 1972-ல் வந்த கஸெல், ஹெரால்டையே அடிப்படையாக வைத்து இங்கே உருவாக்கியது. அதில் ஸ்விங் ஆக்ஸில் போய், ஒரே தண்டாக நிற்கும் சாதாரண ஆக்ஸில் வந்தது. காவென்ட்ரி ஹெரால்டு கடைசிவரை ஸ்விங் ஆக்ஸிலோடுதான் முடிந்தது.

அந்தக் கூடுதல் பட்டை, தொழிற்சாலை கஸெலில் சொன்ன பதிலை ஏதோ ஒரு பட்டறைக்காரர் தன் அளவில் சொன்னது. புதுப்பிக்கும்போது அதைக் கழற்றியது சரியா தப்பா? சரி என்றே சொல்வேன். ஸ்பிரிங் விறைப்பு மாறினால் வண்டியின் நடத்தை மாறும், பாதுகாப்பு விஷயம். ஆனால் கழற்றிய பட்டையைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார். ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கலாம். அதுவும் இந்தக் காரின் சரித்திரம்தான், பேட்ஜ் அளவுக்கு.

சென்னை ஸ்டாண்டர்டைப் பெரிய சாதனைக் கதையாக நான் ஜோடிக்கவில்லை. காவென்ட்ரி 948-லிருந்து 1147, 1296 என்று ஏறியபோது இங்கே கஸெல் வரைக்கும் 948-ஐயே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கார் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்திய காலம் அது, சின்ன எண்ணிக்கையில் தயாரிக்கிற கம்பெனிக்குப் புது இன்ஜினுக்குச் செலவழிக்கக் கை வராது. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. 1977-ல் கஸெலும் நின்று, வேன் மட்டும் ஓடியது. 1985-ல் ரோவர் எஸ்.டி. 1 காரின் பாடியை வாங்கி, அதற்குள் வேன்கார்டு காலத்து இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று கொண்டுவந்தார்கள். பட்டு வேட்டிக்குள் பழைய கால்சட்டை. மூன்றே வருஷத்தில் தொழிற்சாலையே மூடிவிட்டது. பிறகு வெகுகாலம் கழித்து ஏலம் போனபோது, மிச்சமிருந்த ரோவர் சாமான்களை பிரிட்டிஷ் உதிரிபாக வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கித் தன் ஊருக்கே கொண்டுபோனார். நம்ம பக்கத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. இன்றைக்கு அந்த நிலத்தில் ஐ.டி. அலுவலகங்கள். அங்கே வேலைக்குப் போகிற பசங்களிடம் இங்கே கார் செய்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கட்டடம் போய்விட்டது. ஆட்களுக்கு வயதாகிவிட்டது. மிஞ்சியிருக்கிற சாட்சி இந்தக் கார்கள்தான், அதனால்தான் ஒரு பேட்ஜுக்காக இவ்வளவு நீளமாகப் பேசுகிறேன். விண்டேஜ் பங்களாவைப் புதுப்பிக்கிறேன் என்று செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் லண்டன் கதவெண் பலகை மாட்டினால் உடனே சிரிப்போம். கார் என்றால் கைதட்டுகிறோம்.

அந்த நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். சார், உங்க ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயர் என்று என்ன போட்டிருக்கிறது? எடுத்துப் பார்த்தார். ஸ்டாண்டர்ட். "அது ஆர்.டி.ஓ. ரெக்கார்டு சார், அதை மாத்த முடியாது" என்று சிரித்தார்.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது ஹெரால்டோ கஸெலோ கம்பேனியனோ இருந்திருந்தால், அல்லது உறவினர் யாராவது பெருங்களத்தூர் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்தால், பழைய ஆர்.சி., டீலர் ரசீது, வண்டியோடு கொடுத்த கையேடு, ஆலைக்குள் எடுத்த போட்டோ எதுவானாலும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாடல் வாரியாகப் பிரித்துத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பேனியனுடைய பின்கதவுக் கீல் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் இன்னும் நல்லது.